என் முகத்தை மட்டும் தின்ற வைரஸ்

எனக்குச் சம்பளம் கொடுப்பதே என் கண்ணை நம்பித்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் தயாரிக்கும் ஒரு கம்பெனியில், கேமரா சோதிக்கும் பிரிவில் வேலை. வரிசையாக வரும் ஒவ்வொரு போனின் கேமராவையும் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தூசியோ கீறலோ பசைத் துளியோ இருந்தால் பிடித்துத் தனியே எடுத்துவைக்க வேண்டும். “முத்துச்செல்வி கண்ணுக்கு எதுவும் தப்பாது” என்று எங்கள் சூப்பர்வைசர் ஒருமுறை லைனில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அதை நான் அன்றைக்கே சங்கரன்கோவிலுக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொல்ல, அம்மா அதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தாள்.

இந்தப் பெருமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பிள்ளைப்பாக்கத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டல், ஓர் அறையில் எட்டுப் பேர். எட்டுப் பேருமே ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட். அந்த அறையில் போன் சம்பந்தப்பட்ட எல்லா விஷயத்துக்கும் நான்தான் வைத்தியர். யாரும் நியமிக்கவில்லை, நானாகவே உட்கார்ந்துகொண்டேன். போன் செய்கிற இடத்தில் வேலை செய்வதால் போனைப் பற்றி எல்லாம் தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு. (மற்ற ஏழு பேரும் அதே இடத்தில்தான் வேலை செய்தார்கள். அது எனக்கு உறைக்கவே இல்லை.) தோசைக்கல் வார்க்கிறவருக்குத் தோசையும் வார்க்கத் தெரியும் என்று நம்புவது போலத்தான் இது.

தூத்துக்குடிக்காரி ரோஸி, என் பக்கத்துக் கட்டில், ஒருநாள் கேட்டாள், போனுக்கு ஆன்டிவைரஸ் போட வேண்டுமா என்று. நான் தலையணையில் சாய்ந்தபடி, “அதெல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான் புள்ள. போனுக்குத் தேவையே இல்ல” என்றேன். ஏன் தேவையில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது. ஆனாலும் நான் அன்றைக்குச் சொன்னது ஏறக்குறைய சரி என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல்.

இப்போது கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் மூன்று வரன் வந்து போயிருந்தது. மூன்று பேருக்கும் என்னைப் பிடித்தது, மூன்று பேருக்கும் என் வேலையைப் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஷிப்ட், பஸ், ஓவர்டைம் எல்லாம் எதற்கு, வீட்டோடு இருக்கட்டுமே என்றார்கள். எனக்கோ அந்த வேலை உயிர். காலையில் நீல அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தால் நான் வேறு ஆள். ஊரில் என்னை “கருப்பசாமி மகள்” என்பார்கள், இங்கே அப்பாவையே “முத்துச்செல்வி அப்பா” என்று சொல்லும்படி ஆக்கிவைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு யார் வீட்டிலோ போய் உட்காரவா?

நாலாவதாக வந்ததுதான் மணிமங்கலத்து வரன். எங்கள் ஊர்ப் பக்கமிருந்து முப்பது வருஷத்துக்கு முன்னால் பிழைக்க வந்து, அங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்ட குடும்பம். பையன் சரவணன், ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. போட்டோவில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோ கடன் கேட்டதுபோல் நின்றிருந்தார். ஆனால் அவருடைய அம்மா என் சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்கள்: “வேலிக்குப் போற பொண்ணா? அப்பிடின்னா இன்னும் நல்லதாச்சே.” முப்பது வருஷத்தில் பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சாகி, வேலை அவர்கள் வாயில் வேலி ஆகியிருந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்துவிட்டேன். போட்டோவில் அவர் கண்ணை முழுசாக மூடிக்கொண்டு நின்றிருந்தாலும் சரியென்று சொல்லியிருப்பேன்.

ஒரே ஒரு சிக்கல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை படப்பையில் இன்னொரு பெண்ணைப் பார்க்க அவர்கள் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் என்னைப் பார்த்துப் பிடித்துவிட்டால் படப்பையை நிறுத்திவிடுவதாகப் பேச்சு.

ஹாஸ்டலுக்குள் ஆண்கள் வரக்கூடாது, எனக்கு லீவு கிடையாது, அப்பா அம்மா சங்கரன்கோவிலில். ஆகவே முதலில் வீடியோ காலில் பெண் பார்ப்பது, பிடித்தால் முறைப்படி ஊருக்குப் போவது என்று பெரியவர்கள் முடிவுசெய்தார்கள். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய வீட்டுக்கு என்னை வானத்துக்கு அனுப்பித் திரும்ப இறக்கிக் காட்டுவது என்று ஏற்பாடு.

படப்பைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் என்று முடிவானது. அன்றைக்கும் எங்களுக்கு ஓவர்டைம். காலை ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு அறைக்கு வந்தோம். இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனி கேட்டில் போனின் பின்பக்கக் கேமராமேல் செக்யூரிட்டி ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், உள்ளே யாரும் படமெடுத்துவிடக் கூடாது என்று. வெளியே வரும்போது அது கிழியாமல் இருக்க வேண்டும். அறைக்கு வந்ததும் உரித்து, கண்ணாடி ஓரத்தில் பொட்டு ஒட்டுவதுபோல் கதவின் பின்பக்கம் ஒட்டிவிடுவோம். எங்கள் கதவுக்கு அம்மை போட்டதுபோல் இருக்கும். அன்றைக்கும் வந்தவுடன் எட்டுப் பேரும் சிவப்பு ஸ்டிக்கரை உரித்து ஒட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்த்தோம்.

குளித்து, ரோஸியின் மாம்பழ நிறப் புடவையைக் கட்டி, தலைநிறைய மல்லிகை வைத்து, டிபன் பாக்ஸ்களை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்துவைத்து, நாலு மணிக்கு உட்கார்ந்தேன். மற்ற ஏழு பேரும் படத்தில் விழாதபடி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள்.

கால் வந்தது. திரையில் மூன்று கட்டம். ஒன்றில் சங்கரன்கோவில், அதாவது அப்பாவின் நெற்றி. இன்னொன்றில் மணிமங்கலம், சோபாவில் ஐந்து பேர், ஓரத்தில் அவர், கண்ணைத் திறந்துகொண்டு (நன்றாகத்தான் இருந்தார்). மூன்றாவது நான். அது கும்மிருட்டு.

“ஏட்டி முத்து, லைட்டப் போடு. இருட்டா கெடக்கு” என்றார் அப்பா. லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. ரோஸி டார்ச் அடித்தாள். இன்னொருத்தி ஜன்னலைத் திறந்தாள். நான் புடவைத் தலைப்பால் போனின் முகத்தை நன்றாக அழுத்தித் துடைத்தேன். (துடைத்தேன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) ஒன்றும் நடக்கவில்லை. மணிமங்கலத்துக் கட்டத்தில் அவருடைய அம்மா, அதாவது இப்போது என் மாமியார், போனைக் கிட்டக் கொண்டுபோய் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: “இன்னாடா இது, பொண்ணுக்கு மூஞ்சியே இல்லியா?”

பதற்றத்தில் நான் கேமராவைத் திருப்பும் பொத்தானை அழுத்தினேன். பின்பக்கக் கேமரா பிரமாதமாக வேலை செய்தது. அறையின் குறுக்கே கட்டியிருந்த கொடியையும், அதில் எட்டுப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை துவைத்துப் போட்டிருந்த சகலத்தையும், கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் பக்கெட்டையும் துல்லியமாக, பளிச்சென்று காட்டியது. ஐந்து பேரும் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவின் நெற்றி திரையிலிருந்து மறைந்தது. நான் காலைத் துண்டித்தேன்.

இப்போது வைத்தியர் களத்தில் இறங்கினார். பின்பக்கக் கேமரா நன்றாக இருக்கிறது, முன்பக்கம் மட்டும் இருட்டு. ரோஸியின் போனை வாங்கி முன்பக்கக் கேமராவைத் திறந்தேன். அதுவும் இருட்டு. மூன்றாவது போன், இருட்டு. நாலு, ஐந்து, எட்டு வரைக்கும் எல்லாம் இருட்டு. என் மூளை வேலை செய்தது, அதுதான் கேடு. எங்கள் பயிற்சியில் ஒரு பாடம் உண்டு: ஒரு போன் கெட்டால் அந்தப் போனில் கோளாறு, வரிசையாக எல்லாம் கெட்டால் அவை எல்லாம் கடந்து வந்த பொதுவான இடத்தில் கோளாறு. அந்தப் பாடத்தில் நான் முழு மதிப்பெண் வாங்கியவள். எட்டுப் போனுக்கும் பொதுவானது எது? ஹாஸ்டல் வைஃபை. (எட்டுப் போனும் அன்று காலை வரிசையில் நின்று ஒரே கேட் வழியாகப் போய்வந்தன. அந்தப் பக்கம் என் மூளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.)

“வைரஸ். வைஃபைல எறங்கியிருக்கு” என்று தீர்ப்புச் சொன்னேன்.

அறையில் ஒரே அமளி. ஒருத்தி ஓடிப்போய் வார்டன் அக்காவிடம் சொல்ல, அவர் வைஃபைப் பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டார். இன்னொருத்தி சீட்டுப் பணம் வங்கியிலிருந்து போயிருக்குமோ என்று அழ ஆரம்பித்தாள். வேறொருத்தி சிம்மைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். (போன் தண்ணீரில் விழுந்தால் செய்வது அது. ஆனால் நான் தடுக்கவில்லை, கெடுதல் ஒன்றும் இல்லையே என்று தலையாட்டினேன்.)

நான் மொபைல் டேட்டாவைப் போட்டு வைரஸுக்கு மருந்து தேடினேன். தேடிய இரண்டாவது நிமிஷம் திரை முழுக்கச் சிவப்பாக ஒரு அறிவிப்பு வந்து விழுந்தது. உங்கள் போனில் பதினேழு வைரஸ்கள் இருக்கின்றன, உடனே இங்கே தொடவும் என்று. பதினேழு என்று எண்ணிச் சொல்கிறானே, உள்ளே போய்ப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பினேன். தொட்டேன். ஏதோ இறங்கியது. இது பாதுகாப்பானதல்ல என்று போனே தன் பங்குக்கு எச்சரித்தது. பாவம், வைரஸ் பிடித்த போன் உளறுகிறது என்று அதையும் தாண்டினேன். தொடர்புகளைப் பார்க்கலாமா, குறுஞ்செய்தியைப் படிக்கலாமா, மற்ற ஆப்கள்மேல் தோன்றலாமா என்று அது கேட்கக் கேட்க, டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டுவதுபோல் எல்லாவற்றுக்கும் சரி, சரி, சரி என்றேன். போட்டு முடித்ததும் வைரஸ் நாற்பத்து மூன்றாகக் கூடியிருந்தது. முழுப் பாதுகாப்பும் இலவசமாக வேண்டுமென்றால் பத்துப் பேருக்கு இதை அனுப்புங்கள் என்றது.

அனுப்பினேன். நானே, என் கையால், ஒவ்வொரு பெயராகத் தொட்டு. அறையின் ஏழு பேர், அப்பா, எங்கள் லைன் குரூப், பத்தாவதாகப் பட்டியலில் மேலே இருந்த “மணிமங்கலம் அத்தை”. அவர்களும் இதே காலில் இருந்தார்களே, அவர்கள் போனுக்கும் தொற்றியிருந்தால் என்ன செய்வது என்று ஒரு நல்லெண்ணம். “உடனே போடுங்க அத்தை, ஆபத்து” என்று ஒரு வரியும் சேர்த்து எழுதினேன்.

அரிசிக்குள் புதைத்த சிம்மையும் எடுத்து மாட்டி, ஏழு பேரும் அதைப் போட்டுக்கொண்டார்கள். பத்து நிமிஷத்தில் எங்கள் அறை திருவிழாக் கடைத்தெரு ஆகிவிட்டது. எட்டுப் போனும் ஒன்று மாற்றி ஒன்று கத்தின. ஒன்று ரம்மி ஆடக் கூப்பிட்டது, ஒன்று கடன் வேண்டுமா என்று கேட்டது, ஒன்று ராசிபலன் சொன்னது. மூடினால் திரும்ப வந்தது. சத்தத்தைக் குறைத்தால் அதுவே கூட்டிக்கொண்டது. அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. மருந்து வைரஸோடு சண்டை போடுகிறது, அந்தச் சத்தம் என்று ரோஸிக்கு விளக்கம் சொன்னேன்.

அப்பா கூப்பிட்டார். குரல் மெதுவாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. மணிமங்கலத்து அம்மா நான் அனுப்பியதை நம்பித் தொட்டுவிட்டார்களாம். பெண் பார்க்க வந்திருந்த சொந்தக்காரர்கள் நடுவில் அவர்கள் போன் ரம்மிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறதாம். நிறுத்த முடியாமல் தலையணைக்கு அடியில் வைத்து மேலே உட்கார்ந்திருக்கிறார்களாம். “அவுக படப்பைக்கே போயிருவாக போலட்டி” என்று சொல்லிவிட்டு அப்பா வைத்துவிட்டார்.

நான் டிபன் பாக்ஸ் அடுக்குக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்து அழுதேன். மை கன்னம் வரைக்கும் வந்தது. வேலையை விடச் சொல்லாத ஒரே வீடு, அதையும் நானே கெடுத்துக்கொண்டேன். அதிலும் பெண் கேமரா சோதிக்கிறவள் என்று சொல்லித்தான் சித்தப்பா பேசியிருந்தார். இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த விளக்கின் முன் உட்காருவேன் என்று நினைத்து நினைத்து அழுதேன். ரோஸி தன் புடவை என்றும் பார்க்காமல் அதன் தலைப்பாலேயே என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

அப்போது தெரியாத எண்ணிலிருந்து ஒரு கால். ராசிபலனுக்கும் ரம்மிக்கும் நடுவில் எப்படியோ எடுத்துவிட்டேன். அவர்தான். பின்னணியில் சத்தமில்லை. அம்மாவின் போனிலிருந்து அந்தக் கழிசடையைப் பிடுங்கிவிட்டுத்தான் பேசுகிறேன் என்றார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், வைஃபை, வைரஸ், எட்டுப் போன், பயிற்சியில் வாங்கிய மதிப்பெண் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் கேட்டார்:

“தப்பா நெனிச்சிக்காதீங்க. எங்க கம்பெனில போன மாசத்துலருந்து முன்னாடி கேமராவுக்கும் ஸ்டிக்கர் ஒட்றாங்க. கறுப்பா, குட்டியா. உங்க கம்பெனில எப்டி?”

அந்த நொடியில் அன்று காலை ஐந்தரை மணி எனக்கு ஞாபகம் வந்தது. பாதித் தூக்கத்தில் கேட்டில் நின்றபோது செக்யூரிட்டி அக்கா, “முன்னாடியும் திருப்பும்மா, இன்னிலருந்து புது ரூல்” என்றார். திருப்பினேன். கட்டைவிரலால் எதையோ அழுத்தினார். கொட்டாவி விட்டுக்கொண்டே உள்ளே போனேன்.

போனை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், லைனில் பார்ப்பேனே, அதேபோல. கறுப்புத் திரை ஓரத்தில் கறுப்பாக, வட்டமாக, மிளகில் பாதி அளவுக்கு ஒரு ஸ்டிக்கர். நான் புடவைத் தலைப்பால் துடைத்த துடைப்பில் அது பளபளவென்று மின்னியது.

நகத்தால் அதைச் சுரண்டி எடுத்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் அவர் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. அப்புறம் அறைக்குள் ஒரு சத்தம் கேட்டது. ஏழு நகங்கள் ஏழு ஸ்டிக்கர்களைச் சுரண்டும் சத்தம். அந்தப் பக்கம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் சிரிப்பை அடக்கப் படாத பாடுபட்டது எனக்கும் கேட்டது.

அடுத்த அரை மணி நேரம் அவர் ஸ்பீக்கரில் எட்டுப் பேருக்கும் பாடம் எடுத்தார். எங்கே அழுத்த வேண்டும், கொடுத்த அனுமதியையெல்லாம் எங்கே திரும்பப் பிடுங்க வேண்டும், எப்படி நீக்க வேண்டும், அப்புறம் வங்கிக் கடவுச்சொல்லை எப்படி மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். லைன் குரூப்பில் அனுப்பியதை யாரும் தொடுவதற்குள் அழிக்கவைத்தார். ரோஸி சும்மா இருக்காமல், அப்போ போனுக்கு ஆன்டிவைரஸ் வேணுமா வேணாமா என்று கேட்டாள். அவர், போனுக்குள்ளேயே காவலுக்கு ஆள் உண்டு, ஆப் வேண்டுமென்றால் போனோடு வரும் ஆப் கடையில் மட்டும் வாங்கி, அப்டேட் கேட்டால் போட்டுக்கொண்டிருந்தால் நம்மைப் போன்றவர்களுக்கு அது போதும் என்றார். “அவன் வேணாம்னு தடுத்தான் இல்ல? நாமளே அவனத் தள்ளிவுட்டு கதவத் தொறந்தா அவன் இன்னா பண்ணுவான்?” என்றார். ஏழு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வைத்தியத் தொழில் அத்தோடு முடிந்தது.

அதன்பிறகு மறுபடியும் வீடியோ கால். மை கலைந்து, மூக்கு சிவந்து, மல்லிகை ஒரு பக்கம் தொங்க, நான் முழு வெளிச்சத்தில் தெரிந்தேன். அத்தை இந்தமுறையும் போனைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள்.

“தோ, மூஞ்சி கீது” என்று சோபாவில் இருந்த எல்லோருக்கும் அறிவித்தார்கள். பிறகு என்னிடம் திரும்பி, “எனுக்கு ஆபத்துன்னு பயந்துதான அனுப்ன? அது போதும். நீ வேலிக்குப் போ, நான் வேணாங்கல. ஆனா எனுக்கு மட்டும் இனிமே எதுவும் அனுப்பாத” என்றார்கள். அவர் ஓரத்திலிருந்து, கேமரா செக்கிங்கில் இருக்கிற பெண் என்று சொன்னதால்தான் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது, தன் கம்பெனி நான் சோதித்த போன்களை வாங்காமல் இருந்தால் சரி என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து புரையேறியது. படப்பைக்கு யாரும் போகவில்லை.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் லைன் மீட்டிங்கில், கோளாறு என்றால் முதலில் கைக்குப் பக்கத்தில் பாருங்கள், ஊர் உலகத்தையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று பொதுவாக ஒரு அறிவுரை சொன்னார். பெயர் சொல்லவில்லை. மொத்த லைனும் என்னைப் பார்த்தது, அவ்வளவுதான்.

கல்யாணமாகி இப்போது சில வருஷம் ஆகிறது. மணிமங்கலத்து வீட்டில் மிக்ஸி ஓடவில்லை, டிவி தெரியவில்லை, கேஸ் எரியவில்லை என்று நான் வாயைத் திறந்தால் போதும், “ஸ்டிக்கரப் பாத்தியா?” என்று ஏதாவது ஒரு மூலையிலிருந்து குரல் வரும். அத்தையின் போனில் என் பெயர் இன்றுவரைக்கும் “ரம்மி”. நான் ஏதாவது படம் அனுப்பினால் மகனைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் திறப்பார்கள்.

நான் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். கேமரா பிரிவில் இப்போது நான்தான் புதுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். காலை ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வந்துவிடும். எனக்கு முன்னால் எழுந்து டிபன் கட்டிவைப்பது அத்தைதான். நான் செருப்பை மாட்டும்போது வாசல்வரைக்கும் வந்து, பையைக் கையில் கொடுத்துவிட்டு, எல்லா வீட்டிலும் சொல்வதுபோல் போய்ட்டு வா என்பார்கள். பஸ் கதவு மூடுவதற்குள், திரும்பி வரும்போது எப்படி வர வேண்டும் என்ற மீதியையும் சொல்லிவிடுவார்கள், பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி:

“வரசொல்ல மூஞ்சியோட வா.”